அந்த நாவல் வகுப்பிலேயே இருக்கட்டும்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ வரும்போது, ஆங்கில வகுப்பில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால், அதைப் பாடத்திலிருந்து எடுக்கப்போவதாக ஸ்கூல் போர்டிலிருந்து மின்னஞ்சல் வரும். எங்களுக்கு வந்தது மின்னஞ்சல். அன்று சாயங்காலமே தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பெட்டிஷன்கள் வந்துவிட்டன. எடுக்கச் சொல்லி ஒன்று, எடுக்காதே என்று ஒன்று. அதற்குக் கீழே நம்மவர்கள் போட்ட பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. “இது வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பினத்தவங்களுக்கும் உள்ள பிரச்சினை. நாம எதுக்கு நடுவுல போகணும்? பசங்க படிப்பைப் பார்ப்போம்.”

அந்தப் பதிலைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்ப்பர் லீ எழுதி 1960 ஜூலையில் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1930களின் அலபாமா மாநிலம், மேகோம் என்ற கற்பனை ஊர். ஆட்டிகஸ் பிஞ்ச் என்ற வக்கீல், தாயில்லாத அவருடைய இரண்டு பிள்ளைகள். கதையைச் சொல்பவள் இளையவள் ஸ்கவுட். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. அவருக்காக வாதாடும் பொறுப்பை நீதிபதி ஆட்டிகஸிடம் கொடுக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தில் வலது பக்கம் காயம். அடித்தவன் இடது கைக்காரனாக இருக்கத்தான் வாய்ப்பு. டாமின் இடது கையோ சிறுவயதில் பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கிப் பயனில்லாமல் போனது. பெண்ணின் அப்பா பாப் யூவெல், கோர்ட்டில் எல்லோரும் பார்க்க இடது கையால் கையெழுத்துப் போடுகிறான். ஜூரியில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் இதெல்லாம் கண்ணெதிரே தெரிகிறது. தெரிந்தும் குற்றவாளி என்கிறார்கள்.

அந்த விசாரணையில் ஒரு இடம் உண்டு. டாம் அந்தப் பெண்ணுக்கு விறகு பிளந்து கொடுத்திருக்கிறார், தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், காசு வாங்கவில்லை. ஏன் இவ்வளவு உதவி செய்தாய் என்று அரசு வக்கீல் குடைகிறார். வீட்டில் வேறு யாரும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை, பார்க்கப் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். அரசு வக்கீல் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார். உனக்கு அவள்மேல் பரிதாபமா? கேள்வி கோர்ட் முழுக்கத் தொங்குகிறது. டாமுக்கும் தான் வாய் தவறிவிட்டோம் என்று புரிந்துவிடுகிறது. பொய் சொல்லவில்லை, திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைக்காரிக்காக இரக்கப்பட்டுவிட்டார், அவ்வளவுதான். இரக்கம் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரிசையை டாம் மாற்றிவிட்டார். அதை அந்த ஜூரி மன்னிக்காது.

இந்த நாவலை அன்பைப் போதிக்கும் கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதற்கும் மேலே போவேன். யார் அன்பு காட்டலாம், யார் காட்டினால் அது குற்றமாகிவிடும் என்பதைக் காட்டுகிற கதை இது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க இந்த ஒரு காட்சி போதும். வீட்டில் நாம் எத்தனை முறை ‘எல்லோரையும் சமமா மதிக்கணும்’ என்று சொன்னாலும் இது புரியாது.

இது ஹார்ப்பர் லீ வெறும் கற்பனையாகக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். 1931இல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில், சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்கள்மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வழக்குப் போட்டார்கள். ஜூரியில் எல்லோரும் வெள்ளையர். சில நாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பின்னால் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியே கோர்ட்டுக்கு வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாட்சி சொன்னாள். அப்போதும் ஜூரி குற்றவாளி என்றது. அந்த விசாரணையை நடத்திய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் 1933இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். சாட்சியத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் மறுபடி நீதிபதி ஆகவில்லை. நேர்மைக்கு என்ன விலை என்று பிள்ளை கேட்டால், ஆட்டிகஸைவிட எனக்கு ஹார்ட்டனைத்தான் சொல்லத் தோன்றும். ஆட்டிகஸ் அதற்கப்புறமும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஹார்ட்டன் பதவியை இழந்தார்.

சரி, இவ்வளவு நல்ல நாவல் என்றால் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்? இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள். எடுக்கச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்லவில்லை. 1966இல் வர்ஜீனியாவின் ஹானோவர் கவுண்ட்டி போர்டு, இது ஒழுக்கக்கேடான நூல் என்று விலக்கியது. அதற்கு ஹார்ப்பர் லீ பத்திரிகைக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்தபோது, சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது என்றார்கள். இந்த இரண்டு காரணங்களையும் நான் ஒரு நிமிஷம்கூட ஏற்க மாட்டேன். ஒரு அப்பாவியைக் கொல்லும் கதை சங்கடம் தரத்தான் வேண்டும்.

ஆனால் 2020இல் கலிபோர்னியாவின் பர்பாங்கில் நடந்தது வேறு. அங்கே புகார் கொடுத்தவர்களில் கறுப்பினப் பெற்றோர் இருந்தார்கள். வகுப்பில் படித்த நூல்களில் கறுப்பினத்தவரைக் குறிக்க வரும் இழிசொல்லை வைத்தே, கூடப் படிக்கிற மாணவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கேலி செய்கிறார்கள் என்றார்கள். 2022இல் வாஷிங்டன் மாநிலத்தின் முகில்டியோவில், கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் ஆசிரியர்களே. நாவல் முழுக்க வெள்ளையர் கண்ணால் பார்க்கப்படுகிறது, கறுப்பினப் பாத்திரங்கள் வெள்ளைக்கார ரட்சகர் வருவார் என்று காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. டாமின் மனைவி ஹெலன் என்ன நினைத்தாள் என்று நாவலில் எங்கே இருக்கிறது? வீட்டு வேலை செய்துகொண்டே அந்தப் பிள்ளைகளை வளர்த்த கல்பர்னியாவின் சொந்தப் பிள்ளையை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சட்டப் பேராசிரியர் மன்ரோ பிரீட்மன் 1992இலேயே கேட்டார்: ஆட்டிகஸ் இந்த வழக்கைத் தானாக எடுக்கவில்லையே, அந்த ஊர் நிறப்பிரிவினையை எதிர்த்து வாழ்நாளில் என்ன செய்தார்? வக்கீல் சமூகம் அவர்மேல் பாய்ந்தது. ஆனால் 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மன்’ வெளிவந்தது. ஹார்ப்பர் லீ முன்பே எழுதி வைத்திருந்த பிரதி அது. அதில் வயதான ஆட்டிகஸ், பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதை எதிர்க்கும் வெள்ளையர் சபைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிரீட்மன் கேட்டது வீண் கேள்வி இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் நாவல் வகுப்பில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டிய இடம் வகுப்பறை. வெள்ளையர் கண்ணால் சொல்லப்பட்ட கதை என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிப்பதைவிடப் பெரிய வாசிப்புப் பாடம் எது? அதற்கு நாவலிலேயே வழி இருக்கிறது. கல்பர்னியா பிள்ளைகளைத் தன் சர்ச்சுக்குக் கூட்டிப்போகும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தங்கள் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய சர்ச் அது. வாசலில் லூலா என்ற பெண் வழிமறிக்கிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளை இங்கே ஏன் கூட்டிவந்தாய் என்கிறாள். உள்ளே பாட்டுப் புத்தகம் கிடையாது. கல்பர்னியாவின் மூத்த மகன் ஜீபோ ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சபை திருப்பிப் பாடுகிறது. அங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். ஹெலனுக்குப் பத்து டாலர் சேரும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று பாதிரியார் கதவைச் சாத்தச் சொல்கிறார். புருஷன் சிறையில் இருப்பதால் அவளுக்கு யாரும் வேலை தரவில்லை. சில்லறை சில்லறையாகப் பத்து டாலர் சேருகிறது. ரட்சகர் யாரும் வராத இடத்தில் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்ட ஜனங்கள் இவர்கள். பெரும்பாலான வகுப்புகளில் கோர்ட் காட்சிக்கு அவசரமாகப் போகும்போது இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறார்கள். ஆசிரியரிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: இதில் நில்லுங்கள்.

அப்புறம், கூடவே இன்னொரு நாவல் வேண்டும். மில்ட்ரட் டெய்லர் எழுதிய ‘ரோல் ஆப் தண்டர், ஹியர் மை க்ரை’. எழுதியவர் கறுப்பினப் பெண், சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1977இல் பெற்றவர். அதே 1930கள்தான், ஆனால் பக்கத்து மாநிலமான மிசிசிப்பி. கதை சொல்பவளும் ஒரு சிறுமிதான், பெயர் காசி. பள்ளி திறந்த முதல் நாள், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வந்திருக்கிறது. காசியின் தம்பிக்கு ஆறு வயது, எதிலும் சுத்தம் பார்க்கிறவன். அழுக்கேறிய புத்தகத்தைத் திறந்து உள்ளட்டையைப் பார்க்கிறான். எந்த ஆண்டு, எந்த நிலையில், எந்த இனப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது என்று அட்டவணை. பதினொரு முறை வெள்ளைக்காரப் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டார்கள். பன்னிரண்டாவது வரிசையில், ‘மிக மோசமான நிலை’ என்று எழுதி, பக்கத்தில் அவனுடைய இனத்துக்கு ஓர் இழிசொல். அவன் புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான். டீச்சருக்கு அவன் ஏன் மிதிக்கிறான் என்றே புரியவில்லை. ஸ்கவுட்டும் காசியும் ஒரே காலத்துக் குழந்தைகள். இருவரையும் அடுத்தடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வருத்தம் என்னவென்றால், பர்பாங்கில் நிறுத்திவைத்த ஐந்து நூல்களில் இதுவும் ஒன்று. கறுப்பினப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக எடுத்த முடிவில் கறுப்பின எழுத்தாளரும் வெளியே போனார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். ‘நமக்கு என்ன சம்பந்தம்’ என்று கேட்டவர்களுக்கு.

பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை கேட்டு அவர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை தரலாம் என்று அன்றைய சட்டம். அவர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? அவர் உயர்சாதி ஆரியர், எனவே வெள்ளையர். கல்யாண விஷயத்தில் அமெரிக்கர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்தியர் தன் நாட்டு ஆதிகுடிகளைப் பார்க்கிறார் என்று எழுதிக் கொடுத்தது. சாதிப் பெருமையைச் சான்றிதழாக நீட்டி, வெள்ளையர் பந்தியில் இடம் கேட்டது. 1923இல் நீதிமன்றம் கையை விரித்தது: நீ வெள்ளையன் இல்லை. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலருக்கும் அது பறிபோனது. 1946இல் கதவு கொஞ்சம் திறந்தது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு. நம்மில் பெரும்பாலானோர் வந்த வழி 1965இன் குடியேற்றச் சட்டம். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைகள் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றச் சட்டம். அலபாமாத் தெருக்களில் தடியடி வாங்கியும் நாய்க்கடி பட்டும் கறுப்பின மக்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்கியிருக்காவிட்டால், பிறந்த நாட்டை வைத்துப் போட்ட ஒதுக்கீட்டை எடுக்கும் அந்தக் குடியேற்றச் சட்டம் அப்போது வந்திருக்காது. உங்கள் விசாவிலும் என் விசாவிலும் அவர்கள் பட்ட அடி இருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2015 பிப்ரவரி, அலபாமாவின் மேடிசன். பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடக்கிறார். நம் அப்பா அம்மா வந்தால் நடப்பார்களே, அந்த மாதிரி. அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீசைக் கூப்பிட்டு, ஒல்லியான கறுப்பர் ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்கிறார். போலீஸ் வருகிறது. பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவரைத் தரையில் வீழ்த்துகிறார். முதுகெலும்பில் அடிபட்டு நடக்க முடியாமல் போகிறது. வீடியோவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இரண்டு முறை விசாரணை நடந்தது, இரண்டு முறையும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கடைசியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். அந்த மாதிரிச் சமயத்தில் நாம் ‘நடுவில்’ இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறோமோ அதுவாகத்தான் இருக்கிறோம்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஹார்ப்பர் லீயின் சொந்த ஊர், அலபாமாவில் உள்ள ‘மன்ரோவில்’ என்ற ஊர். அங்கே பழைய கோர்ட் கட்டடம் இன்று அருங்காட்சியகம், நாவலை ஆண்டுதோறும் நாடகமாகப் போடுகிறார்கள், ஊரே பெருமைப்படுகிறது. அதே ஊரில் 1986இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் கொல்லப்பட்டாள். மறு ஆண்டு வால்ட்டர் மக்மிலியன் என்ற கறுப்பினத்தவரைக் கைது செய்து, விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகள் இருக்கும் சிறையில் அடைத்தார்கள். கொலை நடந்த நேரம் அவர் வீட்டில் மீன் வறுத்து விற்றுச் சர்ச்சுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அவரும் அங்கேதான் இருந்தார் என்று கறுப்பினச் சாட்சிகள் பலர் சொன்னார்கள். எடுபடவில்லை. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது, நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வக்கீல் வருடக்கணக்கில் போராடி 1993இல் அவரை வெளியே கொண்டுவந்தார். ஆட்டிகஸைக் கொண்டாடுகிற ஊரில், ஆட்டிகஸின் வழக்கு அச்சுப் பிசகாமல் மறுபடி நடந்திருக்கிறது. நாவலைப் படித்துக் கண்ணீர் விடுவது மட்டும் யாரையும் மாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. அதனால்தான் அதை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதில் பெற்றோர் கண் இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. எந்தப் பெட்டிஷனிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாவலைப் படியுங்கள். பொது நூலகத்தில் கிடைக்கும், காரில் போகும்போது கேட்க ஆடியோவாகவும் கிடைக்கும். படித்துவிட்டு உங்கள் ஸ்கூல் போர்டுக்கு எழுதுங்கள். நாவலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு, கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நூலையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இழிசொல் வரும் பக்கங்களை யாரும் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று ஆசிரியர் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பில் இருக்கும் ஒன்றிரண்டு கறுப்பினப் பிள்ளைகளைப் பார்த்து ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று எல்லோரும் திரும்பும் நிலை வரக் கூடாது என்று கேளுங்கள். இதைக் கறுப்பினப் பெற்றோர் மட்டும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளித் தோழர் யாரைப் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிவந்தால் நம் முகம் மாறுகிறது, வீடு பார்க்கும்போது எந்தப் பக்கம் வேண்டாம் என்று எந்தச் சொற்களில் பேசிக்கொள்கிறோம், கல்யாணப் பேச்சில் நிறம் எப்போது வருகிறது என்பதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். இந்த நாவலைப் படித்தபின் அவர்கள் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். என் மகள் கேட்டாள். பதில் சொல்லுங்கள், பேச்சை மாற்றாதீர்கள்.

எங்கள் போர்டு கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்கள், பேச விருப்பமில்லாவிட்டாலும் வந்து உட்காருங்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று போர்டு உறுப்பினர்கள் பார்ப்பார்கள். கறுப்பினப் பெற்றோர் சிலரிடமும் பேசியிருக்கிறேன். நாவலை எடுக்க வேண்டும் என்பவர்களும் அவர்களில் உண்டு. கூட்டத்துக்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அதற்கும் வாருங்கள். நேரமும் இடமும் குழுவில் போடுகிறேன்.

அன்புடன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா